சவர்டோ கிரம்பெட்: உடனடி மாவா, இரவில் புளித்த மாவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், ஆப்பம் சுட்டுப் பழகிய வீடுகளுக்கு இங்கிலாந்தின் கிரம்பெட் அந்நியமாகத் தோன்றாது. புளித்த கோதுமை மாவைக் கல்லில் வைத்த வளையத்துக்குள் ஊற்றி, மேற்புறம் துளைகள் விழும்வரை மிதமான தீயில் சுடுவதே அதன் செய்முறை.

சவர்டோ என்பது, மாவும் நீரும் இயற்கையாகப் புளித்த தாய்மாவைக் கொண்டு மாவைப் புளிக்க வைக்கும் முறை. அந்தத் தாய்மாவுக்குப் புதுமாவு சேர்க்கும்போது எடுத்துவிடும் மீதியில், 250 கிராமுக்கு அரைத் தேக்கரண்டி ஆப்பச்சோடாவும் சிறிது உப்பும் சர்க்கரையும் கலந்து உடனே சுடுவது ஒரு வழி. மாவிலுள்ள லாக்டிக், அசெட்டிக் அமிலங்கள் சோடாவுடன் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிட, எழும் குமிழிகள் உடைந்து துளைகளாகின்றன. மீதி மாவு வீணாகாது என்பது பெரிய நன்மை. ஆனால் சோடா புளிப்பை முறித்துவிடும். அளவு கூடினால் சவர்க்கார வாடையும் வரும்.

மாவையும் நீரையும் சிறிது தாய்மாவுடன் முந்தைய இரவே கரைத்து வைப்பது மற்றொரு வழி. குளிர்நாட்டுக் குறிப்புகளை நம்பி 12 மணி நேரம் வெளியே வைத்தால், நம் அடுக்களை வெப்பத்தில் மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் புரதம் தளர்ந்து, குமிழிகள் அமிழ்ந்து, புளிப்பு மிஞ்சிவிடும். ஆகவே மாவு பொங்கியதும் குளிர்பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும். காலையில் ஒரு சிட்டிகை சோடா போதும். ஆழ்ந்த மணமும் மென்று உண்ணும் பதமும் இதில்தான் கிடைக்கின்றன என்பதால், விடுமுறை நாளில் நான் இதையே பரிந்துரைப்பேன். வேலை நாளுக்கு உடனடி மாவே பொருந்தும்.

எம்முறையாயினும், மேற்புறம் ஈரம் உலர்ந்த பின்னரே வளையத்தை எடுத்துத் திருப்ப வேண்டும்.