நாகர்கோவில் பட்டறையில் செய்த விமானத் தரைத்தகடுகள்: ரிவெட்டா, திருகாணியா?

வீட்டில் கட்டிவரும் இரண்டு இருக்கை விமானத்திற்கான அலுமினியத் தரைத்தகடுகளை நாகர்கோவிலில் உள்ள ஒரு தகட்டுப் பட்டறையில் செய்து வாங்கினேன். விளிம்புகளை அரம் போட்டு மழுக்கி, ஒவ்வொரு துளையின் பிசிறையும் நீக்கித் தந்திருந்த நேர்த்தி பாராட்டுக்குரியது.

இவற்றை விமானச் சட்டத்தில் நிரந்தரமாக ரிவெட் (முனையை நசுக்கி இறுக்கும் ஆணி) அடித்தால் எடை குறையும், தளம் விறைப்பாக நிற்கும், அதிர்வில் கழல்வதற்கும் ஒன்றும் இராது. ஆனால் என் விமானத்தில் பிரேக் குழாயும் எரிபொருள் குழாயும் முன்தகட்டுக்கு அடியில்தான் ஓடுகின்றன. ஆண்டுச் சோதனையின்போது அவற்றைப் பார்க்க ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்தெடுத்தால் துளைகள் அகன்றுவிடும், உலோகத் துகள்களும் உள்ளே விழும். இரு பருவமழையும் உப்புக்காற்றும் உள்ள நம் மாவட்டத்தில், அடியில் ஈரம் தங்கி அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கிறதா என்று கண்ணால் பார்க்க வழி இருப்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது. எனவே நட் பிளேட் (திருகாணியைப் பிடித்துக்கொள்ள அடியில் நிலையாகப் பொருத்தும் மரை) பொருத்தித் திருகாணி முடுக்கும் முறையையே தேர்ந்தேன்.

ஒரு குறை உண்டு. பட்டறையில் தந்தவை துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகள். உப்பு ஈரத்தில் எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான் என்பதால், துளைகளில் பிரைமர் பூசியே முடுக்க வேண்டும் என்பதையும் அவர்கள் சொல்லியிருக்கலாம். அடியில் எதுவும் ஓடாத பின்பக்கச் சிறுதகட்டுக்கு மட்டும் ரிவெட்டே போதுமானது.