மூட்டுத் தேய்மான ஆய்வு: ஊசியா, கத்தியா?

எலிகளின் மூட்டு வலியை ஆராயும் ஆய்வகத்தில் போஸ்ட்டாக்காக, அதாவது முனைவர் பட்டம் முடித்த ஒப்பந்த ஆய்வாளராக, சேர்பவர் முதல் மாதத்திலேயே ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்: முழங்காலில் தேய்மானத்தை எப்படி உண்டாக்கப் போகிறீர்கள்? அயோடோஅசெட்டேட் என்ற வேதிப்பொருளை மூட்டுக்குள் ஊசியால் செலுத்துவது ஒரு வழி. ஆய்வகப் பேச்சில் அது எம்.ஐ.ஏ. முழங்காலின் உட்புற மெனிஸ்கஸை (எலும்புகளுக்கு இடையே மெத்தையாக இருக்கும் குருத்தெலும்பை) கீழ்க்கால் எலும்போடு பிணைக்கும் தசைநாரை அறுத்துவிடுவது இன்னொரு வழி, அது டி.எம்.எம்.

ஊசி வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். எலியை மயக்கி, முழங்காலை மடக்கி, சில்லுக்குக் கீழே உள்ள தசைநார் வழியாக வேதிப்பொருளை இறக்க வேண்டும். செல்கள் சர்க்கரையை எரித்து ஆற்றல் பெறும் பாதையில் ஒரு நொதியை அது முடக்குகிறது. குருத்தெலும்புச் செல்கள் மடிகின்றன. சில நாட்களிலேயே எலி அந்தக் காலில் பாரம் போடத் தயங்கும். ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் போஸ்ட்டாக்குக்கு இந்த வேகம் பெரிய கவர்ச்சி. ஆனால் முதல் வாரத்தில் தெரிவது பெரும்பாலும் அழற்சி வலி. மூன்றாம் நாளில் மருந்து கொடுத்துவிட்டுத் தேய்மான வலி குறைந்தது என்று எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. ஊசியில் ஏற்றும் வேதிப்பொருளின் அளவும் முக்கியம். அதிகமாகப் போனால் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலேயே சேத அறிகுறி தெரியும்; பிறகு அளப்பது மூட்டு வலியையா, நரம்பு வலியையா என்று சொல்ல முடியாது.

கத்தி வழிக்குக் கை பழக வேண்டும். சுண்டெலியின் முழங்காலை நுண்ணோக்கியின் கீழ் திறந்து, கொழுப்புத் திண்டை ஒதுக்கி, அந்த ஒரு தசைநாரை மட்டும், பக்கத்துக் குருத்தெலும்பில் கத்தி முனை படாமல் வெட்ட வேண்டும். ஒதுக்கும்போது ரத்தம் கசிந்தால் எதுவும் தெரியாது. பஞ்சால் ஒற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். மூட்டைத் திறந்து, எதையும் வெட்டாமல் மூடிய இன்னொரு கூட்டத்தோடும் ஒப்பிட வேண்டும். அதன் பின்னும் அவசரப்பட முடியாது: குருத்தெலும்புச் சிதைவு 4 முதல் 8 வாரங்களில் லேசிலிருந்து மிதமாகும், நடமாட்டம் குறைவது போன்ற மாற்றங்கள் 8 வாரங்களுக்குப் பிறகே தெளிவாகும்.

அந்தக் காத்திருப்புக்குப் பலன் உண்டு. சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகக் குழு 2012-ல், சி.சி.ஆர்.2 என்ற ஏற்பி (அழற்சிச் சைகையை உணரும் செல் புரதம்) இல்லாத சுண்டெலிகளுக்கு இந்த அறுவையைச் செய்து பார்த்தது. மூட்டு மற்றவற்றைப் போலவே சிதைந்தது. நடமாட்டம் மட்டும் குறையவில்லை. சிதைவும் வலியும் தனித்தனிக் கதைகள் என்று காட்ட, இரண்டும் மெல்ல வளரும் நோய் மாதிரிதான் வேண்டும். வலியைத் தூண்டும் நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைத் தடுக்கும் தானெசுமாப் மருந்தையும் நினைத்துப் பாருங்கள். வலியை அது குறைத்தது. சில நோயாளிகளின் மூட்டு வேகமாகச் சிதைந்ததால்தான் 2021-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 19-க்கு 1 என்று எதிராக வாக்களித்தது. ஊசியே குருத்தெலும்பை அழித்துக்கொண்டிருக்கும் மூட்டில் அப்படிப்பட்ட பக்கவிளைவை எங்கே தேடுவது?

டி.எம்.எம். குறையற்றது அல்ல. பெண் சுண்டெலிகளில் சிதைவு குறைவாகவே வருகிறது. மனிதர்களிலோ முழங்கால் தேய்மானம் பெண்களுக்கே அதிகம். இரு பாலையும் கணக்கில் எடுக்கச் சொல்லும் அமெரிக்க நிதி விண்ணப்பத்தில் இதற்கு நல்ல பதில் தயாராக இருக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் பாதத்தை நைலான் இழையால் குத்தி வலியுணர்வை அளப்பதோடு நின்றுவிடாதீர்கள். நோய் இருப்பது முழங்காலில். அளப்பவர் யார் என்பதையும் குறித்து வையுங்கள். ஆண்களின் வாசனை இருந்தாலே சுண்டெலிகள் வலியைக் குறைவாகக் காட்டுகின்றன என்று மெக்கில் பல்கலைக்கழக ஆய்வு 2014-ல் சொன்னது.

புது வலி மருந்தைச் சோதிப்பது மட்டும்தான் வேலை என்றால் எலியில் எம்.ஐ.ஏ. போதும். வலி ஏன் வருகிறது என்பது கேள்வியானால் சேர்ந்த கையோடு டி.எம்.எம். பழகத் தொடங்குங்கள், அறுவை செய்த சுண்டெலிகளில் நோய் வளரும் இடைவெளியில் ஊசி வேலையை வைத்துக்கொள்ளலாம். ஒரே ஆண்டு ஒப்பந்தத்தில் கத்தியை மட்டும் நம்பி இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.