ஏடு யாருக்குச் சொந்தம், எங்கே இருக்க வேண்டும்? நான்கு அறக்கட்டளைகளின் அனுபவம்

எங்கள் ஊரில் ஒரு சிறிய அறக்கட்டளை இருக்கிறது. ஒரு வீட்டில் மூன்று தலைமுறையாகச் சேர்ந்த ஓலைச்சுவடிகளும் பழைய அச்சுநூல்களும் அதன் பொறுப்பில் உள்ளன. அறங்காவலர் ஐந்து பேரில் நானும் ஒருவன். சென்ற கூட்டத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். "ஊரைவிட்டு ஒரு ஏடுகூட வெளியே போகக் கூடாது" என்றது ஒரு கட்சி. "பெரிய நூலகம் எதற்காவது கொடுத்துவிடுவோம், அவர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்" என்றது இன்னொன்று. நான் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. இதே இக்கட்டில் இருந்த மற்றவர்கள் என்ன செய்தார்கள், அது எங்கே போய் முடிந்தது என்று முதலில் பார்ப்போம் என்று தோன்றியது. படித்ததில் நான்கு இடங்கள் மனத்தில் நின்றன. இரண்டு வெளிநாட்டில், இரண்டு நம் பக்கத்தில்.

முதலாவது அமெரிக்காவின் பார்ன்ஸ் அறக்கட்டளை. பிலடெல்பியாவை அடுத்த மெரியனில் ஆல்பர்ட் பார்ன்ஸ் 1922-ல் தொடங்கியது. அவர் சேர்த்த ஓவியங்கள்தான் அதன் சொத்து; பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் ஓவியங்கள் மட்டும் 181 அதில் இருக்கின்றன. தன் காலத்துக்குப் பிறகு ஒரு படத்தைக்கூட இடம் மாற்றக் கூடாது, இரவல் தரக் கூடாது, விற்கக் கூடாது என்று அவர் பத்திரத்தில் எழுதிவைத்தார். எங்கள் முதல் கட்சி கேட்பதும் இதைத்தான். 1951-ல் கார் விபத்தில் அவர் இறந்தார். அடுத்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் பணம் கரைந்தது, வழக்குகள் பெருகின. கட்டடத்தைப் புதுப்பிக்க வேண்டிய தேவையால் 1993-ல் படங்கள் உலகச் சுற்றுக்குப் போயின. அதற்கே நீதிமன்ற அனுமதி வேண்டியிருந்தது. 2004-ல் நீதிமன்றம் மொத்தத் தொகுப்பையும் நகரத்துக்கு மாற்ற அனுமதித்தது. 2012-ல் பிலடெல்பியா நகர நடுவில் புதுக் கட்டடம் திறந்தார்கள். மெரியன் அறைகளின் அளவையும் படங்கள் தொங்கிய வரிசையையும் அங்கே அப்படியே திரும்ப அமைத்திருக்கிறார்கள். படங்கள் பத்திரமாகத்தான் இருக்கின்றன. ஆனால் எதை நடக்கவே கூடாது என்று அவர் எழுதிவைத்தாரோ, அது நடந்துவிட்டது. பத்திரத்தில் எவ்வளவு இறுக்கமாக எழுதினாலும், பராமரிக்கப் பணம் இல்லையென்றால் அந்த எழுத்து நிற்காது.

இரண்டாவது கதையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இங்கிலாந்தில் ஸ்டாஃபர்ட்ஷயர் பகுதியில் பார்லஸ்டன் என்ற ஊர். ஜோசையா வெட்ஜ்வுட் 1759-ல் தொடங்கிய பீங்கான் தொழிலின் 250 ஆண்டுச் சேகரிப்பு அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. பீங்கான், ஓவியம், கடிதம், கணக்கேடு எல்லாம் சேர்த்து 80,000-க்கும் மேற்பட்ட பொருட்கள். அதை ஒரு அறக்கட்டளை நடத்தியது. 2009 ஜனவரியில் தாய் நிறுவனம் திவாலானது. அருங்காட்சியகம் தனி அமைப்புதானே, அதற்கென்ன என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அருங்காட்சியக ஊழியர்கள் சிலர் நிறுவனத்தின் கூட்டு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்திருந்தார்கள். அந்தத் திட்டத்தில் பங்குள்ள மற்ற நிறுவனங்கள் விழுந்தால், மிஞ்சி நிற்கும் அமைப்பு ஓய்வூதிய நிதியின் மொத்தப் பற்றாக்குறையையும் சுமக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். ஒரு சில ஊழியர்களுக்காக 13 கோடியே 40 லட்சம் பவுண்டு கடன் அருங்காட்சியகத்தின் தலையில் விழுந்தது.

சேகரிப்பை விற்றுக் கடனை அடைக்கலாமா என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. 2011 டிசம்பரில், விற்கலாம் என்று தீர்ப்பு வந்தது. அந்தப் பொருட்கள் கடனுக்கு எடுக்க முடியாத தனி அறச்சொத்தாக எழுதிவைக்கப்படவில்லை, அருங்காட்சியகத்தை நடத்திய அமைப்பின் சாதாரணச் சொத்தாகவே இருந்தன என்பதுதான் காரணம். நல்ல எண்ணம் இருந்தது, நல்ல கட்டடம் இருந்தது. "இந்தப் பொருட்கள் வேறு, இதை நடத்தும் அமைப்பின் வரவுசெலவு வேறு" என்று பிரித்து எழுதியது மட்டும் இல்லை. கடைசியில் 2014-ல் நிதியங்களும் பொதுமக்களும் சேர்ந்து 1 கோடியே 57 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு திரட்டி மீட்டார்கள். பொதுமக்களுக்கு விடுத்த வேண்டுகோளுக்கு ஒரே மாதத்தில் பணம் சேர்ந்துவிட்டது. மீட்ட பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சேகரிப்பின் உரிமையை லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு, பொருட்களை நீண்டகால இரவலாகப் பார்லஸ்டனிலேயே வைத்துவிட்டார்கள்.

உரிமை ஓரிடத்தில், இருப்பு ஓரிடத்தில். இதைக் கண்டதும் நம் பக்கத்து இரண்டு இடங்களும் வேறு மாதிரி தெரியத் தொடங்கின.

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் நாயக்கர் காலத்தில் தொடங்கி, இரண்டாம் சரபோஜி காலத்தில் பெருகிய அரண்மனைச் சொத்து. 1918-ல் அது 1890-ஆம் ஆண்டு அறக்கொடைச் சட்டத்தின் கீழ்ப் பொது நூலகமானது. அந்தச் சட்டத்தின் அமைப்பைப் பாருங்கள்: சொத்து ஓர் அரசு அலுவலரின் பெயரில் நிற்கும், அதை நடத்துவது வேறொரு நிர்வாகம். நடத்துபவர் கையில் விற்கும் உரிமை இல்லை, உரிமை உள்ளவர் அன்றாடம் நடத்துவதும் இல்லை. நூறாண்டு தாண்டியும் அந்தச் சுவடிகள் தஞ்சாவூர் அரண்மனை வளாகத்திலேயே இருக்கின்றன. குறை என்றால், அரசு நடைமுறைகளோடு ஒத்துப்போகத்தான் வேண்டும். எங்களைப் போன்ற சின்ன அமைப்புக்கு அது பெரிய சுமையாகத் தெரியலாம்.

ரோஜா முத்தையா கதை பலருக்கும் தெரிந்ததுதான். கோட்டையூரில் அவர் தனி மனிதராகச் சேர்த்தவை ஏறக்குறைய ஒரு லட்சம். நூல், இதழ், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை விலைக்கு வாங்கியது. அந்த நேரத்தில் நான் அறங்காவலராக இருந்திருந்தால் "ஐயோ, போச்சு" என்றுதான் கத்தியிருப்பேன். ஆனால் தொகுப்பு கப்பல் ஏறவில்லை. சென்னையிலேயே 'மொழி' என்ற அறக்கட்டளையின் துணையோடு நூலகமாகி, 1996-ல் ஆய்வாளர்களுக்குத் திறந்தது. நுண்படம் எடுத்தார்கள், அட்டவணை போட்டார்கள். பிறகு அது தனக்கென்று ஓர் அறக்கட்டளையோடு வளர்ந்தது. வெளியார் பணமும் உள்ளூர் இருப்பும் சேர்ந்து வாழ முடியும் என்பதற்குத் தமிழில் இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஏடுகளை ஸ்கேன் செய்து மின்படி எடுப்பது பற்றியும் எங்கள் கூட்டத்தில் பேச்சு வந்தது. அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை, உடனே செய்ய வேண்டும். 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்த 97,000 புத்தகங்களையும் சுவடிகளையும் நினைத்தால், ஒரே படியை ஒரே இடத்தில் வைப்பதை நியாயப்படுத்தவே முடியாது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டம் 2004 முதல் பல நாடுகளில் இதற்கு நிதி தருகிறது. மூலம் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது அவர்கள் விதி. ஆனால் படி எடுத்துவிட்டோமே என்று மூலத்தைக் கைவிட முடியாது. ஓலைக்குப் புல்தைலம் பூசியாக வேண்டும், பூச்சி பார்த்தாக வேண்டும்.

சரி, எங்கள் பெட்டிகளுக்கு எது? பார்ன்ஸ் வழி வேண்டாம். எங்களிடம் அவரிடம் இருந்த பணத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, அவருடைய பத்திரமே நிற்கவில்லை. அப்படியே தூக்கிக் கொடுப்பதும் வேண்டாம். ஏடு படிக்கத் தெரிந்த இரண்டு பெரியவர்கள் இன்னும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஏட்டுக்கும் நடுவில் முந்நூறு கிலோமீட்டர் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. பெரிய நூலகம் ஒன்றுக்கு உரிமையை எழுதிக் கொடுத்து, இருப்பை இங்கேயே நீண்டகால இரவலாக வைக்கக் கேட்பதுதான் என் பக்கம். அறக்கட்டளை நாளை படுத்துவிட்டால் பெட்டிகள் கடன்காரர் கையில் சிக்காமல் நேராக அந்த நூலகத்துக்குப் போய்விடும். இங்கே வைப்பதற்குக் காற்றோட்டமுள்ள அறை வேண்டும், தீயணைப்பான் வேண்டும் என்று அவர்கள் நிபந்தனை போடுவார்கள். போடட்டும், அதெல்லாம் நாங்களே எப்போதோ செய்திருக்க வேண்டியது.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எங்களிடம் முழுப் பதிவேடு இல்லை. தஞ்சைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு 1880-லேயே பர்னல் என்ற ஆங்கிலேய அதிகாரி அட்டவணை போட்டு வெளியிட்டுவிட்டார். நாங்கள் இன்னும் "ஏழு பெட்டி" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். உள்ளே எத்தனை கட்டு, எந்தெந்த நூல், எது முழுமை, எது முறிந்தது என்று எழுதாமல் எந்த நூலகத்திடமும் போய்ப் பேச முடியாது. வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் பெட்டியைத் திறக்கிறோம். இரண்டு கட்சிக்காரர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.