இடுப்புப் பட்டையோடு நான்கு ஆண்டுகள்: இரண்டாம் முறை ஜவ்வு பிதுங்கிய பிறகு

முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட இடத்திலேயே மறுபடியும் ஜவ்வு பிதுங்கியிருப்பதாக நண்பர் ஒருவருக்கு ஸ்கேன் அறிக்கை வந்த அன்று, அவர் என்னிடம் கேட்டார்: "நீங்கள் கட்டிக்கொள்கிற அந்தப் பட்டையை நானும் வாங்கட்டுமா?" ஆம் என்றோ இல்லை என்றோ உடனே சொல்ல என்னால் முடியவில்லை. பின்புறம் நான்கு தகடுகளும் முன்புறம் வெல்க்ரோவும் பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் மீள்பட்டைகளும் கொண்ட வழக்கமான வகைதான் அது, பலரும் பார்த்திருப்பீர்கள்.

எனக்கு முதலில் பிதுங்கியது, முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் ஜவ்வு வட்டுகளில் எல்5–எஸ்1 என்று அறிக்கைகளில் குறிக்கப்படும் கடைசி வட்டு. அறுவைச் சிகிச்சையில் நரம்பை அழுத்திய துண்டை மட்டுமே எடுப்பார்கள் என்பதையும், வட்டின் மீதிப் பகுதி உள்ளேயே இருக்கும் என்பதையும், அதன் வெளிவளையத்தில் விழுந்த கிழிசல் பழைய உறுதியோடு மூடிக்கொள்வதில்லை என்பதையும் வீட்டுக்கு அனுப்பும்போது எவரும் எனக்கு விளக்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் ஆறவில்லை. ஏறத்தாழ 100 பேரில் 5 முதல் 15 பேருக்கு அதே இடத்தில் மீண்டும் பிதுங்குகிறது என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். பதினான்காம் மாதத்தில் ஒரு காலை, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடி தரையில் விழுந்த குளியல் துண்டை எடுக்கக் குனிந்தேன். பிட்டத்திலிருந்து காலின் சுண்டுவிரல் வரை நெருப்பு ஓடியது போல் இருந்தது. சாயம் ஏற்றி எடுத்த எம்.ஆர்.ஐ.யில் தழும்புத் திசு சாயத்தை ஏற்று ஒளிர, அதனருகில் ஒளிராமல் கிடந்தது புதிய துண்டு. காலின் வலு குறையாதிருந்ததால் மருத்துவர் காத்திருக்கச் சொன்னார். பிதுங்கிய துண்டை உடலே கரைத்துச் சுருக்கிவிடுவது உண்டு என்றார். பட்டை அப்போதுதான் வந்து சேர்ந்தது.

அதன் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நான்கு ஆண்டுகளாக ஒரு நாள்கூட அது என்னை விட்டதில்லை: உட்கார்ந்தால் பட்டை மேலே ஏறிவிடுகிறது. உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னோக்கிச் சாய்ந்து கீழ்முதுகின் வளைவு தட்டையாகிறது. தொடைகள் பட்டையின் கீழ்விளிம்பை மேலே தள்ள, தகடுகளின் மேல்முனை விலா எலும்புக்கடியில் குத்துகிறது, எனக்கு ஆதரவு தேவைப்படும் கடைசி வட்டோ மூடாமல் கிடக்கிறது. நிற்கும்போதும் நடக்கும்போதும் எனக்கு அவ்வளவு துன்பமில்லை. உட்காரத்தான் எனக்குத் துணை வேண்டும், அங்குதான் அது கைவிடுகிறது. இரண்டு விரல் தாழ்த்திக் கட்டினேன், பனியனுக்கு மேல் கட்டினேன், மீள்பட்டைகளைக் கீழிருந்து மேலாக இறுக்கிப் பார்த்தேன். எதுவும் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை.

ஆனால் காலை வேளையில் அது செய்த நன்மையை நான் எதிர்பார்க்கவேயில்லை. இரவு முழுவதும் படுத்திருக்கையில் வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. எழும்போது நாம் ஏறக்குறைய 1 சதவீதம் உயரமாக இருக்கிறோம், அந்த நேரத்தில் குனிந்தால் வட்டின் பின்புறம் தாங்கும் இழுவிசை நாளின் பிற நேரங்களைவிட மிக அதிகம். விடியற்காலையில் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு நாட்பட்ட முதுகுவலி குறைந்ததை 1998ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டியிருக்கிறது. எழுந்தவுடன் பட்டையைக் கட்டிக்கொண்டால், முகம் கழுவவோ காலுறை அணியவோ என்னையறியாமல் குனியும் அந்தக் கணத்தில் தகடுகள் முதுகில் அழுத்தி நிறுத்துகின்றன. முழங்காலை மடித்து இடுப்பு மூட்டிலிருந்து சாயும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது. அதற்காக இந்தப் பட்டைக்கு நான் மனமார நன்றியுடையவன்.

இரண்டாம் ஆண்டில் பட்டை தந்த துணிவில் நிறைந்த பெட்டியொன்றைக் குனிந்து தூக்கி மூன்று வாரம் படுக்கையில் கிடந்தேன். 1999இல் தன்னார்வலர் ஒருவரின் வட்டுக்குள் உணர்கருவி வைத்து அளந்ததில், படுத்திருக்கும்போது 0.1 ஆகவும் நிற்கும்போது 0.5 ஆகவும் இருந்த அழுத்தம், முதுகை வளைத்து 20 கிலோ தூக்கும்போது 2.3 மெகாபாஸ்கலாக ஏறியது. துணியும் தகடுமான ஒரு பட்டை அந்தச் சுமையைத் தாங்கிக்கொள்ளும் என்று நம்பியது என் பெரும்பிழை. நடையும், இயன்முறை மருத்துவர் கற்றுத்தந்த பயிற்சிகளும் என்னை எழுப்பி நிறுத்தின. பட்டை அவற்றைச் செய்ய வைத்தது, அவ்வளவே.

இதற்கிடையில் ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் வர மறுத்தாலோ, இரு கால்களும் வலுவிழந்தாலோ பட்டையைப் பற்றி யோசிக்கக் கூடாது. அந்த நேரமே அவசரச் சிகிச்சைக்குச் சென்றாக வேண்டும்.

நேற்று நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்ததில் விலாவுக்கடியில் கன்றிச் சிவந்திருக்கிறது. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன். காலைகளுக்காக இவ்வளவு புகழ்ந்த பின்னும், வாங்க வேண்டாம் என்றே நண்பருக்குப் பதில் அனுப்பினேன். குனியாமல் எழும் முறையை இயன்முறை மருத்துவரிடம் முதலில் கற்றுக்கொள்ளுமாறும், அதுவரை துண்டையும் காலுறையையும் இடுப்பு உயரத்துக்குக் கீழே எங்கும் வைக்க வேண்டாம் என்றும் அவருக்கு எழுதியிருக்கிறேன்.