வீசிங் இருக்கவங்களுக்கு ஊட்டியா கோத்தகிரியா?

ரெண்டும் நீலகிரிதான், ஆனா காத்தும் மழையும் ஒண்ணு இல்லங்க. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், கோத்தகிரி 1,800-க்கு கிட்ட, அந்த வித்தியாசமே குளிர்ல நல்லா தெரியும்.

ஊட்டில டிசம்பர், ஜனவரில உறைபனி விழும், விடிகாலைல புல்லு மேல உப்பு தூவுன மாதிரி இருக்கும், கேரட் தோட்டக்காரங்க பயிர் கருகாம இருக்க ஸ்பிரிங்க்ளர் போட்டு விடுவாங்க. பகல்ல வானம் பளிச்னு இருக்கும், அத பாத்து காத்து சுத்தம்னு நெனச்சிடாதீங்க. காத்தே அடிக்காத ராத்திரில குளிர்ந்த காத்து கனமா பள்ளத்துல தங்கிடும், மேல கொஞ்சம் சூடான காத்து மூடி மாதிரி நிக்கும், அதனால விறகு அடுப்பு புகை, தீ மூட்டி குளிர் காயுற புகை, வண்டிப் புகை எல்லாம் வெயில் ஏறுற வரைக்கும் கீழயே சுத்திட்டு இருக்கும். ஏப்ரல், மே சீசன்ல டிராஃபிக் வேற.

கோத்தகிரிக்கு தொட்டபெட்டா மலை (2,637 மீட்டர்) மறைப்பா நிக்குது, ஜூன்ல இருந்து தென்மேற்கு மழை ஊட்டிக்கு மேற்க அவலாஞ்சி, கூடலூர் பக்கம் கொட்டித் தீத்துட்டு இங்க வரும்போது கொறஞ்சிடும். சொவர் ஈரம், பூஞ்சை அந்த மாசங்கள்ல இங்க கம்மி, வீசிங்குக்கு அது ரொம்ப முக்கியம். ஆனா அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழை இங்கதான் பலமா வரும், மண்சரிவும் வரும்.

வயசான அம்மா அப்பாவ கூட்டிட்டு வர்றீங்கன்னா என் ஓட்டு கோத்தகிரிக்குத்தான். ஊட்டியேதான் வேணும்னா மேட்டுல வீடு பாருங்க, பள்ளத்துல வேண்டாம், காலைல வெயில் வந்த அப்புறமா வாக்கிங் அனுப்புங்க, இன்ஹேலர மறக்காம கைல குடுத்து விடுங்க.