பழைய மாஸி 1035: ஓராண்டு ஓட்டிய பிறகு எழுதும் மதிப்பீடு

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், பக்கத்து மாவட்டத்து விவசாயி ஒருவரிடமிருந்து பழைய மாஸி பெர்குசன் 1035 டிராக்டர் ஒன்றை வாங்கினேன். ஆடியில் வண்டி வாங்க ஆள் வராது என்பதால் விலை சற்று இறங்கியது. ஆனால் பேரம் முடிந்தபோது, என்னிடம் வந்திருப்பது எந்த ஆண்டு வண்டி என்பதைக்கூட என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பானட்டில் புதுச் சிவப்புப் பெயின்ட் மின்னியது. ஸ்டிக்கரோ பிற்காலத்து மாடலுடையது. எண் தகடு இருந்த இடத்தில் ரிவெட் துளைகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. எனவே எஞ்சின் பிளாக்கைக் கம்பி பிரஷ்ஷாலும் டீசலாலும் கழுவி, பதிந்திருந்த எண்ணின் மீது சாக்பீஸைத் தேய்த்தபோதுதான், எட்டு என்று நான் நினைத்திருந்த இலக்கம் மூன்று என்பது தெரிந்தது. அதன் மேல் தாளை வைத்துப் பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டேன்; சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பொருந்தின. எஞ்சின் மாற்றப்பட்டு, அது புத்தகத்தில் ஏறாமல் இருந்திருந்தால், பெயர் மாற்றத்தின்போது பெரும் சிக்கலாகியிருக்கும். கடன் அடைந்து பல ஆண்டுகளாகியும் வங்கியின் பெயர் ஆர்.சி.யில் நீங்காமல் இருந்ததால், அதை நீக்கப் படிவம் 35 கொடுக்க வேண்டியிருந்தது. 1035-க்கும் அந்த எண்ணுக்கும் ஏதோ பூர்வ ஜென்மப் பந்தம் போலும்.

1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் இந்த வண்டி, பிரிட்டனின் மாஸி பெர்குசன் 35-இன் வழிவந்தது. இதில் உள்ள மூன்று சிலிண்டர் சிம்ப்சன் எஞ்சின், பெர்கின்ஸ் மரபைச் சேர்ந்தது. இந்த வம்சாவளியால் வாங்கியவனுக்குக் கிடைக்கும் லாபம் என்னவென்றால், உதிரி பாகத்துக்காக அலைய வேண்டியதில்லை. இதைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் ஒருவராவது எந்தச் சந்தை ஊரிலும் இருப்பார்.

முதல் பழுது, காலையில் ஸ்டார்ட் ஆகாமை. டீசல் ஃபில்டரின் அடியில் நீர் தேங்கியிருந்தது. இதில் டீசலை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்புவது ரோட்டரி வகை பம்ப். அதன் உட்பாகங்களுக்கு மசகாக அமைவது அதனுள் ஓடும் டீசல்தான் என்பதால், டீசலில் நீர் கலந்தால் பம்ப் தேய்ந்துவிடும். பம்பையும், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களையும் கழற்றிப் பம்ப் லேப் ஒன்றில் கொடுத்தேன். நான்கு நாள் என்று சொன்னவர்கள் பதினொரு நாள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் டெஸ்ட் பெஞ்ச்சில் ஒவ்வொரு நாசிலும் டீசலைப் புகைபோல் சீறுவதைக் கண்முன்னே காட்டித்தான் கொடுத்தார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. மாட்டிய பின் ஏர் எடுப்பதை, அதாவது டீசல் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதை, நானே செய்தேன். ஃபில்டர் திருகைச் சற்றுத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை அடிக்க அடிக்க முதலில் நுரையும், பிறகு குமிழில்லாத டீசலும் வரும். அப்போது திருகை இறுக்கிவிட வேண்டும். அடுத்து, செல்ஃப் அடித்தபடியே நாசில் பைப் நட்டுகளிலும் அவ்வாறே ஏரை வெளியேற்றினேன். மூன்றாவது நட்டை இறுக்குவதற்குள் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் விஷயத்தில் நான் ஏமாற இருந்தேன். கலப்பை எழவில்லை என்றதும் ஒரு மெக்கானிக் பம்பையே மாற்ற வேண்டும் என்றார். இந்த வண்டியில் ஹைட்ராலிக் பம்ப், பின்னால் பூட்டும் கருவிகளுக்கு எஞ்சின் சக்தியைக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டிலிருந்து ஓடுவதால், பி.டி.ஓ. நெம்புகோலைப் போடாவிட்டால் லிஃப்ட் வேலை செய்யாது. அந்த நெம்புகோல் விடுபட்டுக் கிடந்தது, அவ்வளவுதான்! ஆனாலும் ஆயிலைத் திறந்து பார்த்தபோது அது மோர் நிறத்தில் இருந்தது; சேற்றுழவின்போது நீர் புகுந்திருக்கிறது. கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில் என்பதால் முழுவதையும் வடித்து மாற்றினேன்.

பவர் ஸ்டியரிங் இல்லாததால் சேற்றில் திருப்பும்போது தோள் வலிக்கும். சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் பெரிய ரொட்டவேட்டருக்கு இதன் சக்தி போதாது. கலப்பை, டிரெய்லர், பாத்தி கட்டும் வேலைகளுக்கு, நான்கைந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது தாராளமாகப் போதும். வாங்கச் செல்பவர்கள் சாக்பீஸ் ஒன்றையும் கம்பி பிரஷ் ஒன்றையும் சட்டைப் பையில் எடுத்துச் செல்லட்டும். பளபளக்கும் பெயின்டுக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகத் தர வேண்டாம்.