மனநல மாத்திரையோடு ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களே, விலக்குப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், கதை பிறகு.

ஜெர்மனியில் பட்டப்படிப்பில் சேரும் முப்பது வயதுக்கு உட்பட்ட மாணவருக்குச் சட்டப்படியான பொது மருத்துவக் காப்பீடு உண்டு. மாதம் நூறு யூரோவுக்கு மேல் கட்ட வேண்டும். பழைய நோய் இருக்கிறது என்று சொல்லி அங்கே யாரையும் ஒதுக்க மாட்டார்கள், அதற்காகக் கூடுதல் பணமும் கேட்க மாட்டார்கள். ஆனால் "எனக்கு இது வேண்டாம், தனியார் காப்பீடு இருக்கிறது" என்று விலக்குப் படிவம் ஒன்றில் கையெழுத்துப் போட்டால், அந்தப் படிப்பு முடியும்வரை அந்தக் கதவு மூடியதுதான். மனம் மாறினாலும் திறக்காது. அந்தப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். போடச் சொன்னவர், எங்களிடம் எண்பத்தைந்தாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்ட சென்னை ஆலோசனை நிறுவனத்தின் முகவர்.

எனக்குப் பத்தொன்பது வயதில் பைபோலார் என்று கண்டுபிடித்தார்கள். தமிழில் இருமுனைக் கோளாறு: மனம் சில காலம் கட்டுக்கடங்காத உற்சாகத்திலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் போய்விடும் நோய். அதைக் கட்டுக்குள் வைக்க, ஐந்து ஆண்டுகளாக இரவு உணவுக்குப் பிறகு லித்தியம் கார்பனேட் 300 மில்லிகிராம் மாத்திரை மூன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்து லித்தியம் அளவு பார்ப்பேன். அவ்வப்போது சிறுநீரகம், தைராய்டு. அளவு 0.7-ஐ ஒட்டி நின்றால் அம்மா முகத்தில் வெளிச்சம் வரும். அந்த ஐந்து ஆண்டுகளில் பொறியியல் முடித்தேன், இரண்டு ஆண்டு வேலை பார்த்தேன். உறவினர் யாருக்கும் தெரியாது. "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக வைத்திருக்கும் சமூகத்தில் அம்மா வேறென்ன செய்வார்?

முகவரிடம் மட்டும் மறைக்கவில்லை. அப்பா கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். முகவர் சிரித்துக்கொண்டே, "சார், லித்தியம் வெறும் உப்புதானே? இதையெல்லாம் எங்கேயும் எழுதாதீர்கள், விசாவுக்குச் சிக்கலாகிவிடும். தம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

உப்புதான், அதில் அவர் பொய் சொல்லவில்லை. 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் அதன் பயனை எழுதியபோதும் அது உப்புதான். அந்த உப்பு ரத்தத்தில் கொஞ்சம் கூடினால் நஞ்சு, திடீரென நிறுத்தினால் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பிவரும். அப்பாவுக்கும் எனக்கும் இது தெரியும். தெரிந்தும் அவர் சிரித்தபோது நாங்களும் சேர்ந்து சிரித்தோம். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அவர் பார்த்துக்கொண்டது இரண்டு வகையில். ஒன்று, மாதம் 35 யூரோவுக்குத் தனியார் காப்பீடு. "பொதுக் காப்பீடு பண விரயம், நம் பிள்ளைகள் எல்லாரும் இதைத்தான் எடுக்கிறார்கள்." இரண்டு, மருந்து கூரியர் ஏற்பாடு என்று 6,500 ரூபாய். "மூன்று மாதத்துக்குக் கையோடு கொண்டுபோகட்டும். பிறகு நாங்கள் அனுப்பிவிடுவோம்." அம்மா 270 மாத்திரைகளை எண்ணிப் பெட்டியில் வைத்தார்.

அக்டோபரில் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகருக்கு வந்து சேர்ந்தேன். டிசம்பர் இறுதியில், என் பெயரில் வந்த பொட்டலம் ஒன்று சுங்க அலுவலகத்தில் இருப்பதாகக் கடிதம் வந்தது. போனேன். அதிகாரி என் கண்ணெதிரே பிரித்தார். மேலே அரைக் கிலோ பருப்புப் பொடி, அடியில் மாத்திரை அட்டைகள். வெளியே ஒட்டிய சீட்டில் முகவரின் ஆள் "வீட்டுத் தின்பண்டம்" என்று எழுதியிருந்தான்.

அதிகாரி கோபப்படவில்லை. விதியை நிதானமாகச் சொன்னார். மருந்தைப் பயணி தன் தேவைக்குக் கையோடு கொண்டுவரலாம், வழக்கமாக மூன்று மாத அளவு வரை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தபாலில் தனிநபர் வரவழைக்கக் கூடாது. மருத்துவர் சீட்டு இருந்தாலும் கூடாது. மாத்திரைகளை வைத்துக்கொண்டு பருப்புப் பொடியை என்னிடம் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

முகவருக்குப் பேசினேன். "அடுத்த முறை வேறு வழியில் அனுப்பலாம் தம்பி." அதற்குப் பிறகு அந்த எண் எடுக்கப்படவே இல்லை.

மருந்துக் கடைக்குப் போனேன். இந்தியச் சீட்டைக் கடைக்காரப் பெண்மணி திருப்பிக் கொடுத்தார். ஐரோப்பிய ஒன்றியம், சுவிட்சர்லாந்து போன்ற சில நாடுகளின் சீட்டுதான் அங்கே செல்லும். மனநல மருத்துவர்கள் நான்கு பேருக்குத் தொலைபேசினேன். இருவர் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதில்லை, ஒருவர் மே மாதம் என்றார், நான்காமவர் எடுக்கவில்லை. கையில் மீதியிருந்ததை நீட்டிக்க மூன்றை இரண்டாக்கினேன், இரண்டை ஒன்றாக்கினேன். நானாகவே. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

ஜனவரி மூன்றாம் வாரம் மாத்திரை தீர்ந்தது. பிறகு நடந்ததை நீட்டி எழுதப்போவதில்லை. தூக்கம் போனது, போனதில் எனக்கு மகிழ்ச்சி. பேராசிரியருக்கு அதிகாலை மூன்று மணிக்கு நாற்பது பக்க ஆய்வுத் திட்டம் அனுப்பினேன். இரண்டு சைக்கிள் வாங்கினேன். பனியில் காலணி இல்லாமல் நின்றுகொண்டிருந்த என்னைக் கண்டு, அறையில் உடனிருந்த திருநெல்வேலி நண்பர் என் அக்காவுக்குப் பேசி, விவரம் தெரிந்துகொண்டு, மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனார். பத்தொன்பது நாள் உள்ளே இருந்தேன். மருத்துவமனையைப் பற்றி ஒரு குறையும் இல்லை.

கட்டணச் சீட்டு ஒன்பதாயிரம் யூரோவைத் தாண்டியது. ஓர் ஆண்டுச் செலவுக்கு என்று தடைக்கணக்கில் (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) நாங்கள் போட்டிருந்ததே 11,904 யூரோதான். காப்பீட்டு நிறுவனம் இரண்டு வரிக் கடிதம் அனுப்பியது: ஏற்கெனவே இருந்த நோய், மனநோய், இரண்டும் எங்கள் ஒப்பந்தத்தில் அடங்கா. எடுத்துப் பார்த்தேன். பதினான்காம் பக்கத்தில் சிறிய எழுத்தில் உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒரே மாதிரி காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறதே என்று அப்பா வாதாடினார். அது இந்தியச் சட்டம். காப்பீட்டை விற்றது ஐரோப்பிய நிறுவனம்.

எனக்கு இன்னமும் ஆறாத இடம் ஒன்று உண்டு. மருத்துவமனையிலிருந்து வந்ததும், சமூகப் பணியாளர் சொன்னபடி வீட்டருகே இருந்த குடும்ப மருத்துவரிடம் போனேன். ஹவுஸ்ஆர்ட்ஸ்ட் என்பார்கள். கையிலிருந்து பணம் கட்டினேன், லித்தியம் எழுதிக் கொடுத்தார். இங்கே கிடைப்பது மெதுவாகக் கரையும் 450 மில்லிகிராம் மாத்திரை. நம் ஊர் 300-க்கு அப்படியே நேர் இல்லை, ரத்த அளவு பார்த்துத்தான் எண்ணிக்கையை முடிவு செய்கிறார்கள். கடைசி மாத்திரையிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். மருந்தின் விலை எனக்கு எட்டும் விலைதான். ஜனவரியிலேயே அந்தக் கதவைத் தட்டியிருந்தால் காப்பீடே இல்லாமலும் சமாளித்திருப்பேன். மனநோய் மருந்து என்றால் மனநல மருத்துவர் மட்டுமே எழுத முடியும் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

ஆகவே போகிறவர்கள் உங்கள் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். மருந்து நிறுவனம் வைத்த வணிகப்பெயர் வேண்டாம், மருந்தின் பொதுப்பெயர், அளவு, எத்தனை ஆண்டாக எடுக்கிறீர்கள், கடைசி ரத்தப் பரிசோதனை எண்கள் இவை அதில் இருக்க வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே குடும்ப மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை குறையும்வரை காத்திருக்காதீர்கள். மனநல மருத்துவரிடம் நேரம் கிடைக்கவில்லை என்றால் மருத்துவரிடம் நேரம் வாங்கித் தரும் 116117 என்ற எண்ணில் கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112. உங்கள் நோயை மருத்துவர் பல்கலைக்கழகத்துக்கோ விசா அலுவலகத்துக்கோ சொல்லக் கூடாது, அது அங்கே சட்டம். லித்தியம் எடுப்பவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள்: தலைவலிக்கு என்று அங்கே சீட்டில்லாமல் கிடைக்கும் இபுபுரோஃபென் லித்தியம் அளவை ஏற்றிவிடும்.

இது ஜெர்மனிக் கணக்கு. அதே முகவர் துபாய்க்கும் ஆள் அனுப்புகிறார். அங்கே குளோனசெபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளை முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோவது சிறை வரை இழுக்கக்கூடிய விஷயம். போகும் நாட்டின் விதியை அந்த நாட்டின் அரசுப் பக்கத்தில் நீங்களே படித்துவிடுங்கள்.

அக்கா மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறாள். முகவரின் பதில் வந்தது: மாணவர் தம் நோயை எங்களிடம் மறைத்துவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு பேசியதற்குச் சாட்சி ஏது? வழக்கு நடந்துகொண்டிருப்பதால் பெயர் எழுதவில்லை. மருத்துவமனைக் கடனில் இன்னும் பதினொரு தவணை இருக்கிறது.

போன மாதம் அந்த நிறுவனம் சென்னை ஓட்டல் ஒன்றில் கல்விக் கண்காட்சி நடத்தியது. அம்மா யாரிடமும் சொல்லாமல் போயிருக்கிறார். சொந்தத் தங்கையிடம்கூட என் நோயைச் சொல்லாதவர், அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வரிசையில் நின்ற பெற்றோரிடம், "என் பையன் பைபோலாருக்கு மாத்திரை எடுக்கிறான், இவர்களை நம்பித்தான் அனுப்பினேன்" என்று ஆரம்பித்திருக்கிறார். காவலாளி வந்து வெளியே போகச் சொல்வதற்குள் ஏழு குடும்பங்களிடம் பேசிவிட்டாராம். இரவு என்னிடம் தொலைபேசியில் அதைச் சொல்லிவிட்டு, வழக்கம்போல, "மாத்திரை போட்டாயா?" என்று கேட்டார்.